‘மீதேன் கசிவு’ சேற்றுத்தூண் பெட்டி: குழாய்க்குக் காசு கொடுக்கலாம், பொதிகளுக்கு அல்ல

உயர்தர உயிரியல் மாணவர்களைக் குறிவைத்து இணையத்தில் விற்கப்படும் இந்தப் பெட்டி இரண்டு மூன்று பெயர்களில் வருகிறது. உள்ளே இருப்பது ஏறத்தாழ ஒரே சரக்கு. ஆகவே பெயரை விட்டுச் சரக்கைப் பார்ப்போம். மூடியில் ‘ஆழ்கடல் மீதேன் கசிவு, உங்கள் மேசையில்’ என்று கொட்டை எழுத்து. திறந்தால் வினோகிராட்ஸ்கி தூண். சேற்றை ஒளிபுகும் குழாயில் அடைத்து, மேலே நீர் விட்டு, உள்ளேயுள்ள நுண்ணங்கிகள் தாமாகவே அடுக்கடுக்காகப் பிரிந்து குடியேறுவதைப் பார்க்கும் நூறாண்டு கடந்த உத்தி. பழைய உத்தி என்பதால் அதன் பெறுமதி குறையவில்லை. மீதேன் கசிவு என்ற பெயரை அதன்மேல் ஒட்டியதில்தான் கோளாறு.

பெட்டிக்குள் இரண்டு அக்ரிலிக் குழாய்கள் உள்ளன. உயரம் 40 சென்ரிமீற்றர், உள்விட்டம் 6 சென்ரிமீற்றர். திருகும் அடிமூடி, நடுவில் சிறு துளை வைத்த மேல்மூடி, பக்கவாட்டில் மூன்று உயரங்களில் ரப்பர் அடைப்பான் போட்ட துளைகள், ஒரு சிரிஞ்ச், சல்பைட்டுப் பட்டால் கறுக்கும் ஈய அசற்றேற்றுத் தாள்கள். ‘அ’ முதல் ‘ஈ’ வரை குறித்த நான்கு தூள் பொதிகள்: ஜிப்சம் (கல்சியம் சல்பேற்று), சுண்ணத்தூள், செலுலோசுத் தூள், ‘கடல் உப்பு’. சாணம் போட்டு மீதேன் எடுக்க ஒரு பை. ஒரு சுவரொட்டி, ஒரு கையேடு. குழாய்களும் பக்கத் துளைகளும் உண்மையாகவே நன்றாகச் செய்யப்பட்டவை. பொதிகளின் அளவு பிழை. கையேட்டில் பாதியைப் பின்பற்றக் கூடாது. வாயுப் பையைப் பெட்டியிலேயே விட்டுவிடலாம்.

பெட்டி எதைக் காட்டுவதாகச் சொல்கிறது என்று முதலில் தெரிய வேண்டும். மெக்சிக்கோ வளைகுடாவில் புளோரிடாச் சரிவின் அடியில், 3,200 மீற்றருக்கும் கூடிய ஆழத்தில், 1983இல் குளிர் கசிவுச் சமூகம், அதாவது கடலடியில் மீதேன் கசியும் இடத்தை அண்டி வாழும் உயிர்க்கூட்டம், முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. சூரிய ஒளி எட்டாத இடத்தில் மட்டிகளும் குழாய்ப்புழுக்களும் அடர்ந்து கிடந்தன. அந்தச் சமூகத்தின் அடித்தளம் இரண்டு படிகளாலானது. கீழ்ப்படியில், கடலடியில் படிந்த சேறான அடையலுக்குள்ளிருந்து எழும் மீதேனைக் கடல்நீரின் சல்பேற்றைக் கொண்டு நுண்ணங்கிகள் ஒட்சியேற்றுகின்றன. விளைவு இருகாபனேற்றும் சல்பைட்டும். மேற்படியில், அந்தச் சல்பைட்டை ஒட்சிசன் அல்லது நைத்திரேற்றைக் கொண்டு வேறு பற்றீரியாக்கள் எரித்து, கிடைக்கும் சக்தியில் தம் உடலைக் கட்டுகின்றன. கடலடியில் வெள்ளைப் பாய் விரித்தாற்போலத் தெரிவது இந்த இரண்டாம் கூட்டம். பெக்கியாட்டோவா அதில் பேர்பெற்றது.

கீழ்ப்படிதான் அதிசயம். ஒறிகன் கரைக்கு அப்பால் ஐதரேற்று முகட்டில் எடுத்த அடையலை வைத்து அன்ட்யே போத்தியஸ் குழுவினர் 2000இல் அந்தக் கூட்டாளிகளை நுணுக்குக்காட்டியில் காட்டினார்கள்: நடுவில் மீதேனை உண்ணும் ஏறத்தாழ நூறு ஆர்க்கியாக் கலங்கள் (பற்றீரியா அல்லாத தனிவகை நுண்ணங்கிகள்), அவற்றைச் சுற்றிச் சல்பேற்றைத் தாழ்த்தும் பற்றீரியாக்களின் ஓடு. மீதேனை ஒட்சிசனால் எரித்தால் மோலுக்குச் சுமார் 800 கிலோயூல் கிடைக்கும். சல்பேற்றால் எரித்தால் 20 முதல் 40 வரைதான். அந்தச் சொற்பத்தையும் இரு தரப்பும் பங்கிட வேண்டும். எனவே இவை இரட்டிப்பாக மாதங்கள் ஆகும். ஆய்கூடத்தில் நன்றாகப் பேணியும் ஏழு மாதம் பிடித்ததாகப் பதிவு உண்டு. அப்படியிருந்தும் கடலடி அடையலில் உருவாகும் மீதேனில் பெரும்பகுதி நீருக்குள் வராமல் இவற்றாலேயே முடிக்கப்படுகிறது.

ஆக ஒரு பாடசாலைத் தவணைக்குள் கீழ்ப்படியை யாராலும் குழாயில் வளர்க்க முடியாது. மேற்படியை இரண்டு மூன்று வாரத்தில் அழகாக வளர்க்கலாம். பெட்டி இதை நேர்மையாகச் சொல்லியிருந்தால் இந்த மதிப்புரை பாதியாகச் சுருங்கியிருக்கும்.

கையேட்டின் முதல் பெரிய குறை, சேற்றைப் பற்றி அது சொல்வது ஒரே வரி என்பது: ‘அருகிலுள்ள நீர்நிலையிலிருந்து எடுக்கவும்.’ வட இலங்கையின் வன்னியில் அருகிலுள்ள நீர்நிலை இரண்டு வகை. இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு போன்ற நன்னீர்க் குளங்கள் ஒரு வகை. நந்திக்கடல், நாயாறு, கொக்கிளாய் போன்ற, கடலோரத்து உவர்நீர்க் களப்புகள் மற்றது. இரண்டும் வேதியியலில் வேறு உலகம். கடல்நீரில் லீற்றருக்கு 2.7 கிராம் சல்பேற்று உண்டு, குளத்து நீரில் அது அற்பம். சல்பேற்று இருக்கும்வரை அதைத் தாழ்த்தும் பற்றீரியாக்கள் ஐதரசனையும் அசற்றேற்றையும் முந்திப் பிடித்துக்கொள்ளும். மீதேன் ஆக்கிகளுக்கு மிஞ்சாது. சல்பேற்று தீர்ந்த இடத்திலேதான் மீதேன் பிறக்கும். குளத்துச் சேற்றைத் தடியால் குத்தினால் எழும் குமிழிகளில் பெரும்பாலும் மீதேன். களப்புச் சேற்றைக் கிளறினால் வருவது அழுகிய முட்டை வாடை. கசிவின் இரு படிகளுக்கும் வேண்டிய மூலப்பொருள் ஒரே நாளில் எடுத்துவரக்கூடிய தூரத்தில் கிடைக்கும் இடம் இது. பெட்டி செய்தவருக்கு அது தெரிய நியாயமில்லை, வாங்குபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

எடுக்கும் இடம் பற்றி ஒரு கண்டிப்பு. வெடிபொருள் அகற்றி முடித்ததாகத் தெரியாத நிலத்தில் சேறு தோண்டவே வேண்டாம். மாரி வெள்ளம் பழைய வெடிபொருட்களை இடம்பெயர்க்கும், முன்பு ஆபத்தில்லாத ஓரம் இன்றும் அப்படியே என்று எண்ணக் கூடாது. மீனவர் நாளாந்தம் வள்ளம் இழுக்கும் துறை, குளத்தில் ஊரார் குளிக்கும் படித்துறை ஆகியவை போதும். பற்றைக்குள் இறங்கத் தேவையில்லை. குளமென்றால் முதலை பற்றி ஊரில் கேட்டுவிட்டு இறங்குங்கள். சுண்டிக்குளம், கொக்கிளாய்ச் சரணாலயம் போன்றவை வனசீவராசிகள் திணைக்களத்தின் கீழ் வருவதால் அங்கே அனுமதியின்றி எதுவும் எடுக்கக் கூடாது.

கருவி: இரண்டு அங்குல பீவீசீ குழாய், ஒன்றரை அடி நீளம். முழங்கால் ஆழ நீரில் சேற்றுக்குள் நேராக இறக்கி, மேல்வாயை உள்ளங்கையால் அடைத்து இழுத்தால் சேறு கழராமல் வரும். மேலிருந்து 10 சென்ரிமீற்றருக்குக் கீழேயுள்ள கறுத்த பகுதியை மட்டும் வாளியில் போடுங்கள். வாளியை விளிம்புவரை அதே நீரால் நிரப்பி மூடினால் காற்றுப் படாது. ஒரு தூணுக்குச் சுமார் 750 மில்லிலீற்றர் சேறு பிடிக்கும். அரித்தால் குறையும், ஆகவே ஒன்றரை லீற்றர் எடுங்கள். களப்புக்கு மாசி, பங்குனி நல்ல காலம். வெள்ளம் வடிந்து உவர் திரும்பியிருக்கும், ஓரம் இன்னும் காய்ந்திராது. ஆனையிறவு உப்பளப் பக்கத்துச் சேறு முதல் முயற்சிக்கு ஏற்றதல்ல. உப்பு மிகுந்தால் சல்பேற்றுத் தாழ்த்தல் மந்தமாகும், உப்பு விரும்பிகளின் இளஞ்சிவப்பு வந்து கதையைக் குழப்பும்.

இனிப் பொதிகள். கையேடு இரு குழாய்க்கும் ஒரே கணக்குச் சொல்கிறது: அடிச்சேற்றில் 5 கிராம் செலுலோசு, 5 கிராம் ஜிப்சம், 5 கிராம் சுண்ணத்தூள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கிராம் செலுலோசு முழுவதும் சல்பேற்றைக் கொண்டு எரிய 1.8 கிராம் சல்பேற்று வேண்டும்; ஜிப்சமாகக் கொடுத்தால் 3.2 கிராம். அப்படியானால் 5 கிராம் செலுலோசுக்கு 16 கிராம் ஜிப்சம் தேவை. கிடைப்பது 5. மூன்றில் ஒரு பங்கு செலுலோசு உக்குவதற்குள் சல்பேற்று தீர்ந்துவிடும். மிச்சம் நொதித்துக் காபனீரொட்சைட்டும் மீதேனும் ஆகும். சேறு இடைநடுவே பிளந்து மேலெழும், மூடித் துளையால் கறுப்பு நீர் வழியும், கட்டிய அடுக்குகள் கலங்கும். ‘தூண் வெடித்துவிட்டது’ என்று வரும் முறைப்பாடுகளுக்குப் பெரும்பாலும் இதுவே காரணம். கையேட்டின் ‘கோளாறுகள்’ பக்கமோ ‘சேற்றை அழுத்தி மீண்டும் மூடுக’ என்கிறது. அழுத்தினால் காற்று உள்ளே போகும். செய்ய வேண்டியது செலுலோசைக் குறைப்பது.

சரியான அளவு இது. குளத்துச் சேற்றைச் சல்பைட்டுத் தூணாக்க வேண்டுமென்றால் அடியில் 8 சென்ரிமீற்றர் உயரத்துக்குப் போகும் 225 மில்லிலீற்றர் சேற்றில் 1 கிராம் செலுலோசு, 4 கிராம் ஜிப்சம், 1 கிராம் சுண்ணத்தூள். செலுலோசுப் பொதிக்குப் பதில் மை குறைந்த பத்திரிகைத் தாளை ஊறவைத்துக் கூழாக்கினாலும் அதே வேலை நடக்கும். ஜிப்சம் லீற்றர் நீரில் இரண்டரைக் கிராம் அளவுக்குத்தான் கரையும். மிச்சம் திண்மமாகக் கிடந்து, சல்பேற்று செலவாகச் செலவாகக் கரைந்து கொடுக்கும். அதனால் சற்றுக் கூடினால் மோசமில்லை. செலுலோசு கூடினால்தான் மோசம். களப்புச் சேற்றுக்கு ஜிப்சம் வேண்டாம். சேற்றிடை நீரிலும் மேலே விடும் களப்பு நீரிலும் உள்ள சல்பேற்று அரைக் கிராம் செலுலோசைத் தாங்கும், அதோடு நிறுத்துங்கள். களப்புச் சேற்றில் ஏற்கெனவே போதிய சேதனப்பொருள் உண்டு.

களப்பு நீர் எவ்வளவு உவர் என்று தெரியாவிட்டால் 100 மில்லிலீற்றரை வடித்து, வற்றவைத்து, எஞ்சும் உப்பை நிறுங்கள். கடல்நீரென்றால் மூன்றரைக் கிராம் நிற்கும். பாதி நின்றால் சல்பேற்றும் அண்ணளவாகப் பாதி, செலுலோசையும் பாதியாக்குங்கள்.

‘கடல் உப்பு’ என்ற நாலாம் பொதி வெறும் ஏமாற்று என்று சொல்ல மனமில்லை, ஆனால் வேலைக்கு உதவாது. கடல்நீரை வெயிலில் வற்றவைக்கும்போது கறியுப்பு படிவதற்கு முன்னரே ஜிப்சம் படிந்து பிரிந்துவிடும். மக்னீசியம் சல்பேற்று கடைசிக் கசப்பு நீரில் தங்கிவிடும். நடுவில் வாரி எடுக்கும் உப்பில் சல்பேற்று மிகக் கொஞ்சம். ஆனையிறவு உப்பானாலும் கடையில் விற்கும் பொதியானாலும் நியதி ஒன்றே. அதை லீற்றருக்கு 35 கிராம் கரைத்தால் நாக்குக்குக் கடல்நீர் போலிருக்கும், சல்பேற்றுத் தாழ்த்தும் பற்றீரியாவுக்கு அது பட்டினி. முல்லைத்தீவுக் கரையில் ஒரு போத்தல் கடல்நீர் எடுத்து வாருங்கள், காசில்லை.

குழாயில் அடைக்கும் முறை. முதலில் வெறும் நீர் நிரப்பி ஒரு நாள் நிறுத்துங்கள். அடிமூடியின் ரப்பர் வளையத்தில் ஒரு மணல் துணிக்கை இருந்தாலும் கசியும், சேறு நிரப்பிய பிறகு திருத்த முடியாது. சேற்றை 2 மில்லிமீற்றர் அரிதட்டால் அதே நீரோடு அரியுங்கள். சிப்பித் துண்டு, வேர், நண்டு, புழு எல்லாம் போக வேண்டும். புழுவை விட்டால் அது வளை தோண்டி ஒட்சிசனைக் கீழே இறக்கும், அல்லது செத்து அந்த இடத்தில் மட்டும் கறுப்புக் கட்டி உருவாகும். அரித்த சேறு தடித்த பாயசப் பதத்தில் இருக்கட்டும். அதைவிட இறுகினால் காற்றுக் குமிழி சிக்கும், தளர்ந்தால் படிந்த பிறகு பாதி நீராக நிற்கும்.

தூள் கலந்த சேற்றை 8 சென்ரிமீற்றருக்கு ஊற்றி, நீண்ட கம்பியால் சுவரோரமாக மெல்லக் கிளறிக் காற்றை வெளியேற்றுங்கள். அதன்மேல் தூள் கலக்காத சேறு 18 சென்ரிமீற்றர். ஒரு நாள் படியவிட்டு, மேலே அந்தந்த இடத்து நீரை 8 சென்ரிமீற்றர் விடுங்கள். நேரே ஊற்றினால் குழி விழும். சேற்றின் மேல் ஒரு பிளாஸ்ரிக் வட்டத் தாளை வைத்து அதன்மேல் ஊற்றித் தாளை எடுங்கள். மிச்சம் வெற்றிடம். மூடியின் துளையை ஒருபோதும் அடைக்காதீர்கள். குழாய்நீர் பாவிப்பதானால் குளோரீன் போக ஒரு நாள் திறந்து வையுங்கள்.

ஒளி விடயத்தில் கையேடு அடியோடு சறுக்குகிறது. ‘வெளிச்சமான யன்னலோரம்’ என்கிறது. வினோகிராட்ஸ்கி தூணுக்கு அது சரி: நாலு முதல் எட்டு வாரத்தில் குளோரோபியம் பச்சையாகவும் குரோமேற்றியம் ஊதாவாகவும் பட்டை கட்டும், மேலே நீலப்பச்சைப் படலம் வரும். ஆனால் அவை ஒளித்தொகுப்பு செய்பவை. ஆழ்கடல் கசிவில் அவற்றுக்கு இடமே இல்லை. கசிவைக் காட்டுவதாகச் சொல்லும் குழாயில் வண்ணப் பட்டை வந்தால் அது காட்ட வந்ததையே மறைக்கிறது. ஒரு குழாயை அடி முதல் முடி வரை அலுமினியத் தாளால் இரு சுற்று சுற்றிவிடுங்கள். மற்றதை வெளிச்சத்தில் வையுங்கள். இருட்டுக் குழாயில் வரும் நிறங்கள் இரண்டு: கீழே இரும்பு சல்பைட்டின் கறுப்பு, சேறும் நீரும் சந்திக்கும் முகத்தில் வெள்ளை. அந்த வெள்ளைதான் பெக்கியாட்டோவாவும் அதன் உறவுகளும்.

வெள்ளைப் படலம் நன்னீர்த் தூணில் சோம்பும், களப்புத் தூணில் பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்தில் தெரியும். ஒட்சிசன் மேலிருந்தும் சல்பைட்டு கீழிருந்தும் பரவி, இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று படும் தடிப்பு ஒரு மில்லிமீற்றரிலும் குறைவு. இழைகள் வழுக்கி நகர்ந்து அந்தக் கோட்டிலேயே நிற்கும். மேசையை ஆட்டினாலோ நீரைக் கலக்கினாலோ கோடு கலையும், மறுபடி கட்ட நாட்கள் எடுக்கும். தாளைத் தினமும் கழற்றிப் பார்க்கும் ஆவலையும் அடக்க வேண்டும். வெளிச்சம் கண்டால் பெக்கியாட்டோவா விலகிச் சேற்றுக்குள் இறங்கும். வாரம் ஒரு முறை, சில நிமிடம், போதும். சிரிஞ்சால் ஒரு துளி எடுத்து 400 மடங்கில் பார்த்தால் இழைகளுக்குள் கந்தகக் கோளங்கள் பளபளவென்று ஒளியை முறிக்கும். பெட்டியின் காசில் பாதி அந்தக் காட்சிக்கே தகும்.

வெள்ளை வரவேயில்லையா? பெரும்பாலும் இரும்புதான் குற்றவாளி. செம்மண் கழுவி வரும் குளத்துச் சேற்றில் இரும்பு மிகுதி. உண்டாகும் சல்பைட்டை அது இரும்பு சல்பைட்டாகக் கட்டிப்போடும். தூண் முழுதும் மையாகக் கறுக்கும், ஆனால் மேல்முகத்துக்குச் சல்பைட்டு ஏறாது. பொறுத்தால் இரும்பு தீர்ந்த பின் ஏறும். பொறுக்க நேரமில்லாவிட்டால் களப்புச் சேறே கதி.

ஈய அசற்றேற்றுத் தாளைக் கையேடு மூடிக்கடியில் தொங்கவிடச் சொல்கிறது. ‘கறுத்தால் வெற்றி’ என்கிறது. தலைகீழ். மேலே தாள் கறுத்தால் சல்பைட்டு தப்பி வருகிறது, அதாவது வெள்ளைக் கூட்டம் இன்னும் நிலைகொள்ளவில்லை அல்லது செலுலோசு மிகை. படலம் முழுமையாகக் கட்டிய தூணில் மேல்தாள் வெளுப்பாகவே இருக்கும், வாடையும் குறையும். கடலடியிலும் பாய் விரிந்த இடத்தில் சல்பைட்டின் பெரும்பகுதி அங்கேயே முடிகிறது. தாளைச் சரியாகப் பாவிப்பதானால் மூன்று பக்கத் துளைகளிலிருந்தும் அரை மில்லிலீற்றருக்கு மேற்படாமல் எடுத்து, ஒவ்வொரு துளியைத் தாளில் இடுங்கள். கீழ்த்துளை கறுப்பு, நடு கபிலம், மேல் வெளுப்பு என்று படிமுறை தெரியும். இந்தத் துளைகள்தான் மலிவான போத்தல் தூண்களில் இல்லாத வசதி. ஈயம் நஞ்சு, கையுறை போடுங்கள், பாவித்த தாளை அடுப்பில் எறிய வேண்டாம்.

வாயுப் பை பற்றிக் கொஞ்சம் கடுமையாகச் சொல்ல வேண்டும். சாணமும் நீரும் சம அளவு கலந்து பையில் வைத்து, வரும் வாயுவைக் குழாயின் அடித்துளையால் ஏற்றச் சொல்கிறது கையேடு. முதல் நாட்களில் வருவது பெரும்பாலும் காபனீரொட்சைட்டு. அது சேற்றை அமிலமாக்கும். பிறகு மீதேன் பாதிக்கு மேல் வந்தாலும், நம் அமுக்கத்தில், 25 பாகையில், தூய மீதேனே ஆனாலும் லீற்றர் நீரில் சுமார் 22 மில்லிகிராம்தான் கரையும். கடலில் பத்து மீற்றருக்கு ஒரு வளிமண்டலம் வீதம் அமுக்கம் ஏறுகிறது. 1,000 மீற்றரில் நூறு. அங்கே கரையும் மீதேன் பல பத்து மடங்கு. குளிரும் சேர்ந்தால் நீரோடு சேர்ந்து பனிக்கட்டி போன்ற ஐதரேற்றாகவே உறையும். அந்த ஐதரேற்றின் ஒரு கன மீற்றர் நம் மேசையில் கரைந்தால் 160 கன மீற்றருக்கும் மேல் வாயு. இங்கே குழாய்க்குள் ஏற்றும் மீதேனோ கரையாமல் குமிழியாக மேலே ஓடி, போகிற வழியில் சேற்றைக் கிழித்து, ஒட்சிசன் கோட்டைக் கலக்கி, வகுப்பறைக்குள் சேரும். காற்றில் 5 முதல் 15 வீதம் மீதேன் கலந்தால் பொறி பட்டாலே பற்றும். இத்தனைக்கும் அதை உண்ணும் ஆர்க்கியாக் கூட்டம் ஒரு தவணையில் ஒருமுறைகூட இரட்டிக்காது.

மீதேனைக் காட்டத்தான் வேண்டுமென்றால் இரண்டாம் குழாயில் ஜிப்சம் போடாமல் குளத்துச் சேற்றையும் 1 கிராம் செலுலோசையும் மட்டும் அடைத்து இருட்டில் வையுங்கள். பக்கத்தில் களப்புத் தூண். சில வாரத்தில் ஒன்று குமிழிவிடும், மற்றது மணக்கும். சல்பேற்று இருந்தால் சல்பைட்டு, இல்லாவிட்டால் மீதேன் என்ற ஒரே ஒரு விதி கண்முன் நிற்கும். கடலடி அடையலிலும் மேலே சல்பேற்று, கீழே மீதேன், இடையில் இரண்டும் தீர்ந்துபோகும் மெல்லிய வலயம் என்ற அமைப்பு அதே விதியால்தான். குளத்தின் வாயுவை நேரே சேகரிக்கவும் வழி உண்டு: நீர் நிரப்பிக் கவிழ்த்த போத்தலில் புனல் பொருத்தி, கீழே சேற்றைக் குத்துங்கள். 1776இல் மஜோரே ஏரிக் கரையில் அலெசாந்திரோ வோல்ற்றா மீதேனைப் பிடித்ததும் சேற்றைக் கிளறித்தான். மாணவர் கையில் நெருப்புக்குச்சி கொடுக்க வேண்டாம்.

வன்னி வெயில் பெட்டி செய்தவர் கணக்கில் இல்லை. தகரக் கூரையின் கீழ் பகலில் தூண் கொதித்தால் மேற்படலம் செத்து மிதக்கும். சீமெந்துத் தரையில், வெயில் படாத சுவரோரம் வையுங்கள். நீர் வற்றினால் களப்புத் தூணுக்கும் நன்னீரே விட வேண்டும், ஏனென்றால் ஆவியானது நீர் மட்டும், உப்பு உள்ளேயே நிற்கிறது. களப்பு நீரே விட்டுக்கொண்டு வந்தால் ஒரு மாதத்தில் அது உப்பளமாகும். அறைக் காற்றோட்டம் கட்டாயம். ஐதரசன் சல்பைட்டு மிகச் சிறிய அளவிலேயே மணக்கும், ஆனால் செறிவு ஏறினால் மூக்கு மரத்து மணம் நின்றுவிடும். வாடை போய்விட்டது என்பதால் வாயு போய்விட்டது என்று கொள்ளக் கூடாது. ஒரு லீற்றர் தூணில் அந்த அளவு வராது. பத்துப் பதினைந்து தூணைப் பூட்டிய அறையில் வைத்தால் கதை வேறு.

சுவரொட்டி அச்சு நன்று, உள்ளடக்கம் கலப்படம். கசிவுப் படத்தில் கொழுத்த செந்நிற முடியுடைய றிஃப்ரியாக் குழாய்ப்புழு நிற்கிறது. அது பசிபிக்கின் வெந்நீர் ஊற்றுகளுக்குரியது. அந்த ஊற்றுகளில் சில 400 பாகையைத் தொடும். குளிர் கசிவோ சுற்றியுள்ள கடலடி நீரின் குளிரிலேயே இருக்கும். மெக்சிக்கோ வளைகுடாவின் கசிவுகளில் வாழ்வது லமெல்லிபிராக்கியா. மிக மெதுவாக வளர்ந்து 200 ஆண்டைத் தாண்டியும் வாழும். ஊற்றுப் புழு அவசரக்காரன், கசிவுப் புழு நிதானக்காரன்; இரண்டையும் ஒரே படத்தில் நிறுத்தினால் மாணவன் பிழையாகவே எழுதுவான். ‘சூரியனே தேவையற்ற உயிர்’ என்ற வாசகத்தையும் அடியுங்கள். மட்டிகளும் பெக்கியாட்டோவாவும் பாவிக்கும் ஒட்சிசன் மேலே ஒளித்தொகுப்பில் பிறந்து கீழிறங்கியது. கசியும் மீதேனிலும் பெரும்பகுதி புதைந்த உயிர்ப்பொருளிலிருந்து வந்தது. சுவரொட்டியில் அமெரிக்கக் கரைகள் மட்டுமே. நமது வங்காள விரிகுடாவின் மேற்கோரத்தில் கிருஷ்ணா–கோதாவரிப் படுகையில் 2006இல் இந்தியத் துளையிடலில் தடித்த ஐதரேற்றுப் படை கிடைத்ததும், பின்னர் உயிர்ச்சமூகத்தோடு கூடிய கசிவே பதிவானதும் ஒரு வரியாவது வந்திருக்கலாம்.

யாருக்கு ஏற்றது? பக்கத் துளை வழியே மாதிரி எடுத்து அளக்கப்போகும் ஆய்கூடத்துக்கு ஏற்றது. வெறுமனே வண்ணம் பார்க்க விரும்பும் வகுப்புக்கு ஒன்றரை லீற்றர் தண்ணீர்ப் போத்தல் போதும். கழுத்தை வெட்டி, மேலே சொன்ன அளவுகளைக் கால் பங்கு கூட்டிப் போடுங்கள். அதன் சுவரால் சிறிது ஒட்சிசன் நுழையும், ஓரத்தில் சேறு வெளுக்கும், மற்றபடி பாதகமில்லை. ஒரு பெட்டியை இரண்டு பாடசாலைகள் பங்கிட்டு, களப்புப் பக்கத்தார் ஒரு குழாயும் குளத்துப் பக்கத்தார் மற்றதுமாக நடத்திப் படங்களைப் பரிமாறினால் காசுக்கு முழுப் பயன்.

முடிந்ததும் களப்புச் சேற்றை வயலிலோ கிணற்றடியிலோ கொட்ட வேண்டாம், உப்பு நிற்கும்; எடுத்த இடத்திலேயே போடுங்கள், ஜிப்சம் கலந்ததானாலும் தீங்கில்லை. திறந்த வெளியில், காற்று வாக்குப் பார்த்துத் திறக்க வேண்டும். குழாயைச் சவர்க்கார நீரால் மட்டும் கழுவுங்கள். ஆய்கூடத்து மதுசாரம் பட்டால் அக்ரிலிக் மயிரிழை மயிரிழையாக வெடிக்கும், கையேடோ அதைத்தான் ‘கிருமி நீக்க’ப் பரிந்துரைக்கிறது. அடிமூடியின் ரப்பர் வளையம் சல்பைட்டில் ஊறி இரண்டாம் முறைக்குத் தளர்ந்துவிடும். அதே விட்ட வளையம் நீர்ப்பம்பி திருத்தும் கடைகளில் கிடைக்கும், பழையதைக் கையில் கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குங்கள்.